லாரியில் பாரம் ஏற்றிக் கட்டுதல்

நமது சங்கங்களின் பேரேடுகளைப் பரிசீலிக்கும்போது, "போக்குவரத்துச் சேதம்" என்ற தலைப்பில் ஆண்டுதோறும் ஒரு தொகை எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். சில சங்கங்களில் அது சிறு தொகை. வேறு சிலவற்றில் அங்கத்தினர்களுக்குப் பங்காதாயமாகச் சேர வேண்டியதில் ஒரு கணிசமான பகுதி. நிர்வாகக் குழுவினரைக் கேட்டால், "வழியில் பாரம் சரிந்துவிட்டது, மூட்டைகள் கிழிந்தன, மிச்சம் மழையில் நனைந்தது" என்பார்கள். இடி விழுவதைப் போல இதுவும் மனிதர் கைக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சி என்ற பாவனையில் அடுத்த இனத்துக்குப் போய்விடுவார்கள். பாரம் தானாகச் சரிவதில்லை. அது சரிவதற்கான காரணம் பெரும்பாலும் லாரி புறப்படுவதற்கு முன்பே, நம் கிடங்கு வாசலிலேயே உண்டாகிவிடுகிறது. ஆகையால் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

நாம் அனுப்பும் பொருள்கள் பலதரப்பட்டவை. கொள்முதல் நிலையத்திலிருந்து 40 கிலோ நெல் மூட்டைகள் போகின்றன. உரக் கிடங்கிலிருந்து 45 கிலோ யூரியா மூட்டைகள் வருகின்றன. ஜின்னிங் ஆலையிலிருந்து தலா 170 கிலோ எடையுள்ள பஞ்சுப் பேல்கள், நூற்பாலையிலிருந்து நூல் மூட்டைகள், நெசவாளர் சங்கத்திலிருந்து ஜவுளிக் கட்டுகள், தறிப் பட்டறைகளுக்குப் பாவு சுற்றிய பீம்கள் என்று சாலையில் ஓடாத சரக்கு நம்மிடம் இல்லை. இவற்றில் எது விழுந்தாலும் நஷ்டம் சங்கத்தினுடையது. ஆனால் பேரேட்டில் எழுத இயலாத நஷ்டமும் ஒன்று உண்டு. 170 கிலோ பேல் ஒன்று லாரியின் உச்சியிலிருந்து உருண்டு விழும்போது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் நம் அங்கத்தினர் ஒருவரின் மகனாகவே இருக்கலாம். திடீரென்று பிரேக் பிடித்ததும் முன்னே பாயும் பாரம், டிரைவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள தகட்டை நசுக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. இத்தகைய விபத்தில் டிரைவர் தப்புவது அரிது.

பாரம் ஏன் நகர்கிறது?

பாரம் ஏற்றும் இடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "இத்தனை டன் கனம், இது எங்கே நகரப் போகிறது?" இதைவிடத் தவறான எண்ணம் இத்தொழிலில் வேறு இல்லை. கனம் பாரத்தைப் பிடித்துவைப்பதில்லை.

நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு பிரயாணம் செய்பவரை நினைத்துப் பாருங்கள். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் அவர் முன்னே சாய்கிறார். அவரை எவரும் தள்ளவில்லை. பஸ் நின்றது, அவர் நிற்கவில்லை, அவ்வளவுதான். அவர் உடனே மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். பஞ்சுப் பேலுக்குக் கை கிடையாது. லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் மேல் இருக்கும் பேலும் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. லாரியின் சக்கரங்களை நிறுத்துவதற்குப் பிரேக் இருக்கிறது. பேலை நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? பேலின் அடிப்புறத்துக்கும் லாரித் தளத்துக்கும் இடையே உள்ள உராய்வு ஒன்றுதான். அது போதாத இடத்தில் நாம் போடும் கட்டும், நாம் கொடுக்கும் முட்டும்.

கனம் கூடினால் உராய்வும் கூடுமே என்று கேட்கலாம். கூடும் என்பது உண்மைதான். ஆனால் முன்னே பாயும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. கனம் இரட்டித்தால் பிடிப்பும் இரட்டிக்கும், பாய்ச்சலும் இரட்டிக்கும். ஆகவே 1 டன் பாரம் எந்தப் பிரேக்கில் நழுவுமோ, அதே பிரேக்கில் 10 டன் பாரமும் நழுவும். நழுவிய பிறகு அது செய்யும் நாசம் மட்டுமே பத்து மடங்கு.

எவ்வளவு விசைக்குப் பாரத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்பதற்கு அளவுகள் உள்ளன. அமெரிக்க நாட்டின் லாரிப் போக்குவரத்து விதிகளும் ஐரோப்பிய நாடுகளின் நியமமும் இவ்விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. முன்பக்கம் நோக்கி, பாரத்தின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையைத் தாங்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் எடையில் பாதியைத் தாங்க வேண்டும். முழு பலத்தோடு பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் வேகமாகத் திரும்பும்போதும் நல்ல சாலையில் உண்டாகக்கூடிய விசைகளை ஒட்டியே இவை நிர்ணயிக்கப்பட்டவை. நம் நாட்டுச் சாலையில் ஓடும் லாரிக்கும் அதே இயற்கை விதிதான்.

ஒரு கணக்கு

பக்கப் பலகைகள் இல்லாத, தட்டைத் தளமுள்ள லாரி ஒன்றில் 60 பஞ்சுப் பேல்கள் ஏற்றியிருப்பதாகக் கொள்வோம். மொத்த எடை 10,200 கிலோ. தளம் காய்ந்த மரப்பலகை. பேலுக்கும் பலகைக்கும் இடையே உராய்வு எடையில் பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மரப்பலகைக்கு இது நியாயமான மதிப்பு. அப்படியானால் உராய்வு தரும் பிடிப்பு 3,060 கிலோ. முன்பக்கம் நோக்கித் தேவையான பிடிப்பு, எடையில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 8,160 கிலோ. ஆகக் குறைவு 5,100 கிலோ. இந்தக் குறைவை எதைக் கொண்டு நிரப்புவது?

"கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோமே" என்பதுதான் உடனே வரும் பதில். இங்கேதான் அங்கத்தினர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். பாரத்தின் மேலாகக் குறுக்கே போட்டு இரு பக்கக் கொக்கிகளில் இழுத்துக் கட்டும் கயிறு, பாரத்தை முன்னே போகாமல் பிடித்து இழுப்பதில்லை. அது பாரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, அவ்வளவே. அந்த அழுத்தத்தால் உராய்வு சிறிது கூடுகிறது. உராய்வு கூடிய அளவுக்கே பயன்.

ராட்செட் பட்டை எனப்படும், பற்சக்கரப் பிடியால் முறுக்கி இறுக்கும் பாலியெஸ்டர் பட்டை இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதை நன்றாக இறுக்கி ஒவ்வொரு பக்கத்திலும் 400 கிலோ இழுப்பு கிடைத்ததாக வைத்துக்கொண்டால், அது பாரத்தை அழுத்துவது 800 கிலோ. இதனால் கூடும் உராய்வு 800-இல் பத்தில் மூன்று பங்கு, அதாவது 240 கிலோ. 5,100 கிலோ குறைவை இந்த வகையில் மட்டும் நிரப்ப வேண்டுமானால் 22 பட்டைகள் வேண்டும். இது பட்டையின் கணக்கு. கையால் இழுத்துக் கட்டும் கயிற்றிலோ 400 கிலோ இழுப்பு ஒருநாளும் கிடைக்காது. ஓர் ஆள் தரையில் நின்று இழுக்கும் இழுப்பு சுமார் 50 கிலோ. நம் கிளீனர்கள் கயிற்றிலேயே ஒரு கண்ணி விட்டு அதில் நுனியைக் கோத்து இழுத்து முடிகிறார்களே, அது கப்பி போல் வேலை செய்யும் அருமையான முடிச்சு. ஏட்டுக் கணக்கில் அது இழுப்பை மூன்று மடங்காக்க வேண்டும். கயிற்றோடு கயிறு உரசுவதால் இரண்டு மடங்கு கிடைத்தாலே அதிகம். ஆக நூறு கிலோ. அப்படிப் போட்ட நாலைந்து கயிறுகளை நம்பித்தான் 10 டன் பஞ்சை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, 22 பட்டைகள் வாங்க வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். முன்பக்கப் பாய்ச்சலைக் கயிற்றால் மட்டும் தடுக்க முயல்வது வீண் என்பதே இக்கணக்கின் பொருள். முன்பக்கத்தைத் தடுப்பது முட்டு.

முன்பலகையும் ரப்பர் விரிப்பும்

டிரைவர் அறைக்குப் பின்னால், தளத்தின் முன்கோடியில் நிற்கும் பலகை அல்லது இரும்புச் சட்டம்தான் பாரத்தின் முதல் காவலன். பாரத்தின் முதல் வரிசை இடைவெளியின்றி அதன் மீது சார்ந்திருக்க வேண்டும். பேலுக்கும் பலகைக்கும் இடையே ஒரு முழம் இடம் விட்டுவிட்டால் முன்பலகை இருந்தும் பயனில்லை. பிரேக் பிடித்ததும் பேல் அந்த ஒரு முழ தூரத்தில் வேகம் பெற்றுச் சம்மட்டி போல் அடிக்கும். சார்ந்து நிற்கும் பாரத்தைத் தாங்கும் பலகை, பாய்ந்து வந்து மோதும் பாரத்தைத் தாங்காது.

முன்பலகையின் பலத்துக்கும் எல்லை உண்டு. ஐரோப்பிய நியமத்தின்படி செய்யப்பட்ட சாதாரண லாரியின் முன்சுவர், அந்த லாரி ஏற்றக்கூடிய பாரத்தில் பத்தில் நான்கு பங்கைத் தாங்கும். அதுவும் 5 டன்னுக்கு மேற்படாமல். நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டும்போது முன்பலகைக்கு எத்தகைய சட்டம் போடுகிறார்கள் என்பதை லாரி உரிமையாளர்கள் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. நம் 60 பேல்களுக்கு முன்பலகை 4,080 கிலோ தாங்குவதாகக் கொண்டால், 5,100 கிலோ குறைவில் எஞ்சுவது 1,020 கிலோ. அதற்கு 5 பட்டைகள் போதும். 22 எங்கே, 5 எங்கே?

இரண்டாவது வழி உராய்வையே கூட்டுவது. இதற்கென்று செய்த சொரசொரப்பான ரப்பர் விரிப்பைத் தளத்துக்கும் பாரத்துக்கும் இடையே போட்டால், உராய்வு பத்தில் மூன்று பங்கிலிருந்து பத்தில் ஆறு பங்காகிறது. அப்போது பிடிப்பு 6,120 கிலோ. பக்கவாட்டில் தேவைப்படுவது எடையில் பாதி, அதாவது 5,100 கிலோதான். விரிப்பு இல்லாமல் இதே பக்கவாட்டுப் பிடிப்பைப் பெறுவதற்கு, பக்கப் பலகையற்ற தளத்தில் 9 பட்டைகள் வேண்டியிருக்கும். ஒரு ரப்பர்த் துண்டு இவ்வளவு வேலை செய்கிறது. ஆனால் விரிப்பு பிடிப்பது தனக்கு மேலே நேராக உட்கார்ந்திருக்கும் முதல் அடுக்கை மட்டுமே. இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின் மேல் வழுக்கக்கூடும். ஆகவே அடுக்குகளுக்கு நடுவிலும் ஆங்காங்கே துண்டுகள் வைக்க வேண்டும். குலுங்கும்போது பாரம் தளத்தை விட்டுச் சற்றே எழும்பும். எழும்பிய அந்தக் கணத்தில் உராய்வு என்பதே கிடையாது. எனவே விரிப்பு இருந்தாலும் கட்டு வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, உராய்வைக் குறைக்கும் காரியங்களை நாமே செய்கிறோம். முந்தைய நடையில் சிந்திய நெல்லும் மணலும் தளத்தில் கிடக்க, அதன் மேலேயே அடுத்த பாரத்தை ஏற்றுகிறோம். உருண்டையான நெல்மணிகள் மூட்டைக்கு அடியில் உருளைகளாக வேலை செய்கின்றன. எண்ணெய் சிந்திய இரும்புத் தளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சணல் சாக்கு ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும் தன்மையுள்ளது. இப்போது பெரிதும் பழக்கத்துக்கு வந்துவிட்ட பிளாஸ்டிக் நார்ச் சாக்குகள் வழுக்கும். பழைய சணல் மூட்டைக்குப் போட்ட கட்டு பிளாஸ்டிக் மூட்டைக்குப் போதாது. பாரம் ஏற்றுமுன் தளத்தை ஒரு துடைப்பத்தால் பெருக்குவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. செலவு ஒன்றுமே இல்லை.

அடுக்கும் முறை

மூட்டைகளைக் கொத்தனார் செங்கல் வைப்பது போல வைக்க வேண்டும். ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே வரக்கூடாது. ஒரு வரிசை நீளவாக்கில், மறு வரிசை குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றி வைத்தால் மூட்டைகள் தாமாகவே ஒன்றை ஒன்று பிணைத்துக்கொள்ளும். மேலே போகப் போக ஓரங்கள் உள்ளே ஒடுங்கி வர வேண்டும். பக்கங்களில் தளத்துக்கு வெளியே பிதுங்கும்படி அடுக்கி, "கயிறு இழுத்துப் பிடித்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுவது கூடாது. கனமானவை அடியில், இலேசானவை மேலே என்பது யாவரும் அறிந்ததே; அறிந்திருந்தும், முதலில் இறக்க வேண்டிய சரக்கு மேலே இருக்கட்டும் என்று யூரியாவை ஜவுளிக் கட்டுகளின் மேல் ஏற்றியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உயரம் கூடினால் பாரம் நழுவுவதோடு நில்லாமல் வண்டியே கவிழும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முரண்படும் சந்தர்ப்பம் ஒன்று வருவதையும் கூற வேண்டும். பாரம் முன்பலகையைத் தொட்டிருக்க வேண்டும் என்றேன். ஆனால் சரக்கு கொஞ்சமாகவும் கனமாகவும் இருக்கும்போது, உதாரணமாக ஒரே ஒரு இயந்திரம் அல்லது சிறிதளவு இரும்புச் சாமான், அதை முழுவதும் முன்கோடியில் வைத்தால் முன் அச்சின் மேல் அளவுக்கு மீறிய பாரம் விழும். பின்கோடியில் வைத்தாலோ முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங் திருப்பினால் வண்டி கேட்காது. ஏற்றத்தில் இது மிகவும் ஆபத்து. அத்தகைய பாரத்தை இரு அச்சுகளுக்கும் பங்கு போகுமாறு இடையில் வைத்து, முன்பலகைக்கும் அதற்கும் நடுவே உள்ள இடத்தை மரச்சட்டங்களால் நெருக்கமாக நிரப்ப வேண்டும். சட்டங்கள் பாரத்தின் தள்ளுதலை முன்பலகைக்குக் கொண்டு சேர்க்கும். அவசரத்தில் வைக்கோலையும் காலிச் சாக்குகளையும் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அவை நசுங்கிப் போகும் பொருள்கள்; முட்டாக மாட்டா.

நெசவாளர் அங்கத்தினர்கள் பாவு பீம்களைப் பற்றிக் கவனிக்க வேண்டும். உருளையான பொருளுக்கு உராய்வு ஒரு பொருட்டல்ல. அது வழுக்காமல் உருண்டே போய்விடும். பீமை அச்சு குறுக்காக இருக்கும்படி கிடத்தினால் முன்னும் பின்னும் உருளும். நீளவாக்கில் கிடத்தினால் வளைவுகளில் பக்கவாட்டில் உருளும். எப்படிக் கிடத்தினாலும் இரு புறமும் தளத்தோடு ஆணி அடித்த மர ஆப்பு வேண்டும். சும்மா சொருகிய ஆப்பும் செங்கல் துண்டும் இரண்டாவது மேட்டில் துள்ளி விழுந்துவிடும். நூலின் மேல் நேராகப் பட்டையைப் போட்டு இறுக்கினால் பாவு அறுபடும் என்பதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் பீமின் இரு முனைகளிலும் வெளியே நீளும் தண்டிலேயே கட்டு விழ வேண்டும்.

சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களும் இரும்புக் குழாய்களும் ஏற்றி வரும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. குழாய்க் கட்டின் மேல் எத்தனை கயிறு போட்டாலும் அது வெளிவரிசைக் குழாய்களைத்தான் பற்றும். நடுவில் உள்ள குழாய், உறையிலிருந்து உருவிய கத்தி போல் முன்னே பாயும். எனவே குழாய்களின் முன்முனைகள் அனைத்தும் உயரமான, உறுதியான முன்பலகையில் முட்டியிருக்க வேண்டும். குழாய்கள் அந்தப் பலகையின் உயரத்தைத் தாண்டக் கூடாது.

கயிறும் கட்டும்

கயிறு பாரத்தை அழுத்தித்தான் உதவுகிறது என்று மேலே கண்டோம். ஆகவே அது எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பது முக்கியம். உயர்ந்த பாரத்தின் பக்கங்களில் கயிறு நேர்குத்தாக இறங்கும்போது இழுப்பு முழுவதும் அழுத்தமாகிறது. பாரம் உயரம் குறைந்தும் கொக்கி தள்ளியும் இருந்தால் கயிறு படுத்த நிலையில் போகிறது. தளத்தோடு 30 பாகை சாய்வில் போகும் கயிற்றில் அழுத்தம் சரிபாதியாகிவிடும். அதற்கும் தாழ்ந்த பாரத்துக்கு மேற்கட்டு போட்டுப் பயனில்லை. அத்தகைய பாரத்தின் முன்முகத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து, இரு நுனிகளையும் பின்னோக்கி இழுத்துப் பக்கக் கொக்கிகளில் கட்டுவது சிறந்தது. அப்படிக் கட்டிய கயிறு அழுத்துவதில்லை. பாரத்தை நேராகவே பிடித்து இழுக்கிறது. முன்பலகை பலவீனமான வண்டிகளிலும் இது நல்ல உபாயம்.

நைலான் கயிறு உறுதியானதே. ஆனால் நீளும் இயல்புள்ளது, நனைந்தால் இன்னும் நீளும். காலையில் விறைப்பாகக் கட்டிய கட்டு மழைக்குப் பின் தொங்குவதற்குக் காரணம் இதுவே. பாலியெஸ்டர் அவ்வளவாக நீள்வதில்லை. எந்தக் கயிறாயினும் முடிச்சு விழுந்த இடத்தில் அதன் வலிமை பெரிதும் குறைந்துவிடும். அறுந்த கயிற்றை முடிந்து மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமாகாது. பேலின் இரும்புப் பட்டையும் பெட்டியின் கூர்விளிம்பும் கயிற்றை அறுக்கும். அவ்விடங்களில் தடித்த ரப்பரையோ மரத்துண்டையோ வைத்து அதன் மேல் கயிற்றை ஓட்ட வேண்டும். ராட்செட் பட்டைகளை எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து இறுக்கக் கூடாது. இறுக்கும் பக்கத்தில் இழுப்பு அதிகமாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருப்பதால், ஒன்றை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று மாற்றி இறுக்க வேண்டும்.

தார்ப்பாயைப் பற்றி ஒரு சொல். தார்ப்பாய் மழைக்கு, பாரத்தைப் பிடிப்பதற்கு அன்று. முதலில் பாரத்தைத் தனியாகக் கட்டி முடித்து, அதன் பிறகே தார்ப்பாயை விரித்து அதற்கு வேறு கயிறு போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கயிற்றைப் பயன்படுத்தினால், காற்றில் தார்ப்பாய் படபடக்கப் படபடக்கக் கயிறு தளர்ந்துகொண்டே போகும். தளர்ச்சியும் துணிக்கு அடியில் மறைந்திருக்கும்.

புறப்பட்ட பிறகு மூட்டைகள் குலுங்கி அமர்கின்றன. அமர்ந்த அளவுக்குக் கயிறு தளர்கிறது. அமெரிக்க விதியின்படி டிரைவர் முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், ஒருமுறை நிறுத்திக் கட்டைச் சோதிக்க வேண்டும். பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். நம் சாலைகளுக்கு முதல் சோதனை இன்னும் முன்னதாக, முதல் தேநீர்க் கடையிலேயே நடப்பது உத்தமம். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்துக்கு முன்பும், 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதைக்கு முன்பும் கட்டாயமாகக் கட்டைப் பார்க்க வேண்டும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டு விசை எடையில் கால் பங்கு. காய்ந்த மரப்பலகையின் உராய்வே அதைத் தாங்கிக்கொள்ளும். வேகம் 50 ஆனால் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு, உராய்வு தோற்றுவிட்டது. 60 ஆனால் பாதியையும் தாண்டிவிடுகிறது. வேகத்தில் 10 கிலோமீட்டர் வித்தியாசம், பாரம் லாரியில் இருப்பதற்கும் பள்ளத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசமாகிவிடுகிறது.

பொறுப்பு யாருடையது?

நான் சென்று பார்த்த பல கிடங்குகளில் இக்கேள்விக்கு ஒரே பதில் கிடைத்ததில்லை. பாரம் ஏற்றும் தொழிலாளர்கள், "எங்கள் வேலை ஏற்றுவது, கட்டுவது கிளீனர்" என்கிறார்கள். கிளீனர், "டிரைவர் அண்ணன் சொன்ன மாதிரி கட்டினேன்" என்கிறார். டிரைவர், "சங்கத்து ஆட்கள் அடுக்கியதை நான் என்ன செய்ய?" என்கிறார். காரியதரிசி உள்ளே அமர்ந்து லாரி ரசீதில் கையெழுத்திடுகிறார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது விரைவாக ஏற்றுபவருக்கே வருமானம். மாற்றி மாற்றி அடுக்குவதற்கும் தளம் பெருக்குவதற்கும் கூலி கிடையாது. இதில் தொழிலாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏற்று கூலிக்கு அப்பால் கட்டுக்கூலி என்று ஒரு சிறு தொகையைத் தனியாக நிர்ணயித்து, கட்டு முடிந்ததும் சங்கத்தின் பணியாளர் ஒருவர் சுற்றிவந்து பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே அதை வழங்குவது என்று நிர்வாகக் குழு தீர்மானம் செய்யலாம். பத்துப் பட்டைகளின் விலை ஒரு பேல் பஞ்சின் விலைக்குள் அடங்கிவிடும்.

சட்டமும் சங்கத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி அளவுக்கு மீறி எடை ஏற்றினால் அபராதம் ரூ. 20,000, மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு ரூ. 2,000. அனுமதித்த அளவைக் கடந்து பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ பாரம் நீண்டிருந்தாலும் அபராதம் ரூ. 20,000. இவை வண்டியை ஓட்டுபவருக்கு மட்டும் உரியவை அல்ல. அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சட்டம் சேர்த்தே குறிப்பிடுகிறது. "இன்னும் பத்து மூட்டை ஏற்றுங்கள், ஒரு நடை மிச்சம்" என்று கிடங்கு வாசலில் சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

சரக்கு சேதமாகிவிட்டால் என்ன செய்வது என்பதும் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டியது. 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2007-இல் இயற்றப்பட்ட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் பின்னர் வழக்குத் தொடர இயலாது. நாள் எண்ணப்படுவது சேதம் தெரியவந்த நாளிலிருந்து அன்று, பதிவு செய்த நாளிலிருந்து. பொதுக்குழு கூடட்டும் என்று காத்திருந்து இக்கெடுவைத் தவறவிடும் சங்கங்கள் உண்டு. சரக்கின் மதிப்பைக் கூடுதலாக எழுத்தில் அறிவித்து அதற்குரிய கட்டணத்தை ஏற்றாலன்றி நிறுவனத்தின் பொறுப்பு ஒரு வரம்புக்குள்தான் நிற்கும் என்பதால், விலையுயர்ந்த ஜவுளி அனுப்பும்போது இதை முன்பே கவனிக்க வேண்டும். சரக்கைப் பெறுபவர் சேத விவரத்தை ரசீதிலேயே எழுதி, டிரைவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பாரம் கட்டி முடித்தவுடன் நான்கு பக்கங்களிலும் கைப்பேசியில் ஒவ்வொரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் எழும் தகராறுகளில் பாதி எழாது.

இறக்கும் இடத்தில் நேரும் விபத்துக்களும் குறைவல்ல. வழியில் சரிந்த பாரம் கயிற்றின் மேலேயே சாய்ந்துகொண்டு வந்து சேரும். அங்கே ஒருவர் வந்து அக்கயிற்றை அவிழ்த்த கணமே அது அவர் மேல் விழும். எனவே லாரி சமதரையில் நின்ற பிறகு, முதலில் தார்ப்பாயை மட்டும் நீக்கிவிட்டு, பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வண்டியைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். சாய்ந்திருக்கும் பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது. கயிற்றை எதிர்ப்பக்கத்திலிருந்தே தளர்த்த வேண்டும். எல்லாக் கயிறுகளையும் ஒரேயடியாக அவிழ்க்காமல், பின்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவ்வவ்வரிசை மூட்டைகளை மேலிருந்து இறக்கிய பின்பே அடுத்த கயிற்றைத் தொட வேண்டும்.